மூன்றாவது டக்

மரம் ஏற்றிய முதல் லாரி ஜனவரி மாதத்துப் பனியில் வந்தது. பூங்கா மூடிக் கிடக்கும் காலம் அது. ஆனாலும் ஊரில் பாதிப் பேர் சாலையோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, பைன் மரச் சட்டங்கள் இறங்குவதை வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் ஊருக்குள் ஏதாவது ஒன்று வந்து ரொம்ப வருஷமாகியிருந்தது. நிலக்கரிச் சுரங்கம் போனது, சட்டை தைக்கிற ஆலை போனது, படித்து முடித்த பிள்ளைகள் போனார்கள். போவதையே பார்த்துப் பழகிய சனங்களுக்கு லாரி லாரியாக மரம் வருவதை நம்பவே முடியவில்லை.

ஆல்டர் குரோவ் சின்னப் பூங்கா. ஒரு குதிரை ராட்டினம், ஒரு பெரிய ராட்டினம், இடித்துக்கொள்ளும் கார்கள், ஒரு குளம். பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவில் இப்படி ஒன்று இருப்பது வெளியில் அதிகம் பேருக்குத் தெரியாது. முதலாளியம்மா மிஸஸ் ஃபெட்டரால்ஃபுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வயதில் அவர் மரத்தாலான ரோலர் கோஸ்டர் ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தபோது எல்லோரும் அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். மரம் வந்து இறங்கியதும் அதே வாய்கள் அவரைக் கெட்டிக்காரி என்றன. கோஸ்டருக்கு 'பிளாக் பேர்', அதாவது கருங்கரடி, என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு அது வெறும் கரடி. தேவாலயத்தில், மளிகைக்கடையில், பல் டாக்டர் வீட்டு வாசலில், எங்கே பார்த்தாலும், "கரடி எப்ப வருது?" என்பதுதான் பேச்சு.

நான் ஸ்டான் சபோல். சுரங்கத்தில் பதினொரு வருஷம், அது மூடிய பிறகு பூங்காவில் இருபத்தாறு வருஷம். கரடியை ஓட்டும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ஓட்டுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆட்களை உட்காரவைத்து, ஒவ்வொருவர் மடியிலும் இரும்புக் கம்பி சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, பொத்தானை அமுக்க வேண்டும்.

டார்லா கோவல் எங்கள் பூங்காவில் உருளைக்கிழங்கு அடை சுடுகிறவள். துருவிய கிழங்கை மாவில் கலந்து எண்ணெயில் பொரித்துக் காகிதத் தட்டில் போட்டுத் தருவாள். அதற்காகவே அறுபது மைல் தள்ளியிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வயது முப்பத்து நான்கு. பெரிய உடம்புக்காரி. அதை மற்றவர்கள் சொல்வதற்கு முன் அவளே சொல்லிவிடுவாள். "நானே தின்னு பார்த்துத்தான் விக்கிறேன், பார்த்தாத் தெரியலையா?" என்று கேட்டு முதலில் அவளே சிரிப்பாள். புருஷன் வேலை தேடி டெக்சாஸ் போய் அங்கேயே இருந்துவிட்டான். அவளுக்கு இருந்ததெல்லாம் எட்டு வயது மகள் கோரா.

கோரா வயதுக்குக் குள்ளம். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை. கரடி வருவதற்கு முன்பே அதன் வாசலில் மரத்தில் வெட்டிய ஒரு கரடி பொம்மையை நட்டிருந்தார்கள். அது ஒரு கையை நீட்டியபடி நிற்கும். கைக்குக் கீழே நாலடி உயரம். அந்தக் கை தலையில் பட்டால் ஏறலாம், இல்லாவிட்டால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோரா அதன் கீழே போய் நிற்பாள்.

"மிஸ்டர் ஸ்டான், கை படுதா?"

"முடிதான் படுது. மண்டை படல."

"முடியும் நான்தானே?"

"முடியை வீட்டுல கழட்டி வச்சுட்டு வா, சொல்றேன்."

அவள் பள்ளிக்கூடத்துக் கம்பியில் தினமும் தொங்கினாள். பால் குடித்தாள். யாரோ சொன்னார்கள் என்று காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டித் தூங்கினாள். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அடைக் கடையின் மேடையில் தாடையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் சத்தியம் வாங்கினாள். நானும் பக்கத்தில் நின்று தின்றுகொண்டிருந்தேன்.

"முதல் வண்டியில நீதான் என் பக்கத்துல உட்காரணும். வேற யார்கூடவும் நான் ஏறமாட்டேன்."

"சரிடி."

"சத்தியம் பண்ணு."

"சத்தியம். கத்துறதுல மட்டும் என்னை நீ ஜெயிக்க முடியாது பாரு."

டார்லா அங்கே வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருஷம். அதுவரை அவள் எந்தச் சவாரியிலும் ஏறி நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு பெட்டி வந்தது. அதில் வண்டியின் இருக்கை ஒன்று தனியாக இருந்தது. பருத்தவர்கள் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு மேலே போய்ச் சிரமப்பட வேண்டாம், கீழேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அதைக் கோஸ்டர் வாசலில் வைப்பார்கள். கம்பியை இழுத்தால் உள்ளேயிருக்கும் பற்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். மூன்று டக் கேட்க வேண்டும். மூன்றாவது பல்லில் விழாவிட்டால் வண்டி நகராது.

ஒரு காலை ஏழு மணி இருக்கும். நான் ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தபோது டார்லா அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் யாருமில்லை என்று நினைத்துவிட்டாள். கம்பியை இழுத்தாள். டக். வயிற்றை எக்கி மறுபடி இழுத்தாள். வரவில்லை. கோட்டைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு இழுத்தாள். மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும், முகம் சிவக்க இழுத்தாள். அந்த ஒரு டக்குக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நான் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். எண்ணெய்க் குப்பி கைப்பிடிச் சுவரில் இடித்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பத்தான் வந்தேன்."

"பொய் சொல்லாதீங்க." கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மூணு வேணும்ல?"

"ஆமா."

"எனக்கு ஒண்ணுதான் வருது, ஸ்டான்."

வழக்கம்போல அவளே ஒரு வேடிக்கை சொல்லிச் சிரித்துவிடுவாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

"இது சும்மா வாசல்ல வைக்கிற சீட்டு, டார்லா. நிஜ வண்டியில இன்னும் கொஞ்சம் இடம் இருக்கும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் அங்குலம் விட்டுக் காட்டினேன். அவள் அதைக் கூர்ந்து பார்த்தாள், கடையில் துணி அளக்கும்போது பார்ப்பதுபோல.

"அப்ப மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்," என்றாள்.

பார்த்துக்கொண்டாள். காலையில் ஓர் அவித்த முட்டை, மத்தியானம் முட்டைக்கோஸ் சூப், ராத்திரி ஓர் ஆப்பிள். நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு ஒரு துண்டு அடை வாயில் போடவில்லை. விடிந்ததும் குளத்தை நாலு சுற்று நடந்தாள், மழையிலும் நடந்தாள். நடக்கும்போது ஒருமுறை மயக்கம் வந்து பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். குளத்து வாத்துக்குப் போடும் சோளப்பொரியை இரண்டு கைப்பிடி தின்ற பிறகுதான் எழுந்தாளாம். "வாத்துங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே!" என்று அதையும் கதையாகச் சொன்னாள்.

எங்கள் மெக்கானிக் வெர்ன் டீட்ஸ் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டான்.

"டார்லாகிட்ட என்னத்தடா சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"நிஜ சீட்டு லூசா இருக்கும்னு சொன்னியாமே. ரெண்டும் ஒரே அச்சுல செஞ்சது. நீயும் நானும்தானே பெட்டியைப் பிரிச்சோம்?"

"அவதான் எளைச்சுக்கிட்டு வர்றாளே. அதுக்குள்ள சரியாயிடும்."

"சதை எளைக்கும். இடுப்பெலும்பு எளைக்குமா?" கையைத் துடைத்துத் துணியை வீசினான். "இன்னைக்கே போய்ச் சொல்லிடு. இல்லேன்னா அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நீதான் அவளை எறக்கிவிடணும். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாத."

நான் சொல்லத்தான் போனேன். மே மாதம், சனிக்கிழமை. கடைக்கு முன்னால் போய் நின்றபோது டார்லா வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கரடி பொம்மையின் கீழே கோரா விறைப்பாக நின்றிருந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. பொம்மையின் கை அவள் மண்டையில் பட்டுக்கொண்டிருந்தது. மண்டைதான், முடியில்லை. குனிந்து பார்த்தேன். காலணியில் காகிதம் ஏதும் திணிக்கவில்லை.

"ஏறலாமா, மிஸ்டர் ஸ்டான்?"

"ஏறலாம்."

பிள்ளை கத்திய கத்தலில் குளத்து வாத்துகள் எழும்பின. டார்லா தன் பெல்ட்டை எனக்குக் காட்டினாள். ஆணியால் அவளே புதிதாக மூன்று ஓட்டை போட்டிருந்தாள். "இருபத்தாறு பவுண்டு குறைஞ்சிருக்கேன்," என்றாள் என் காதில். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே கடைசியில் திறந்திருக்க வேண்டியது. மழை விடவில்லை. சோதிக்க வந்த அரசாங்க ஆட்கள் இன்னும் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து நாள் முழுக்க ஓட்டினோம். ஊரே வேலிக்கு வெளியே நின்று, மனிதர் இல்லாத அந்த வண்டிக்குக் கை தட்டியது. தள்ளிப்போனதற்காகச் சந்தோஷப்பட்டது டார்லா ஒருத்திதான். "ரெண்டு வாரம், ஸ்டான்! இது எனக்காகவே கிடைச்சது," என்றாள். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். அன்றும் சொல்லவில்லை. தினமும் சொல்லாமல் விட்டேன். இரண்டு மாதம் சொல்லாமலிருப்பதற்கு, தினமும் காலையில் எழுந்து புதிதாக ஒருமுறை சொல்லாமலிருக்க வேண்டும். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

திறப்பதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம், வேலைக்காரர்களும் குடும்பங்களும் மட்டும் ஏறிப்பார்க்க மிஸஸ் ஃபெட்டரால்ஃப் ஏற்பாடு செய்திருந்தார். தேவாலயத்துப் பெண்கள் தட்டுத் தட்டாகப் பிரோகி, கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை, கொண்டுவந்தார்கள். வெயில் இன்னும் மலைமேல் இருந்தது. புது மரத்தின் வாசனை. வண்டியில் இருபத்து நான்கு இருக்கைகள். இரண்டாவது பெட்டியின் முன்வரிசையில் கோராவும் டார்லாவும் உட்கார்ந்தார்கள். டார்லா புது ஜீன்ஸ் போட்டிருந்தாள். கோரா இரண்டு கையையும் தூக்கிவைத்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

நான் முன்னாலிருந்து ஒவ்வொரு கம்பியாக அழுத்திக்கொண்டு வந்தேன். கோராவுடையது மூன்று டக்கும் விழுந்தது. டார்லாவின் கம்பியைப் பிடித்தேன்.

டக்.

டக்.

"ரெண்டு வந்திடுச்சு!" என்றாள் மெதுவாக. அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

அழுத்தினேன். வரவில்லை. "மூச்சை விடு," என்றேன். விட்டாள். வரவில்லை. எழுந்து, ஜீன்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, பின்னால் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தாள். மறுபடி ஒன்று, இரண்டு. அதோடு நின்றது.

"ஸ்டான், உங்க முழு பாரத்தையும் போட்டு அழுத்துங்க."

"வலிக்கும்."

"வலிக்கட்டும்."

சாய்ந்து அழுத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கம்பி அவள் தொடையில் பதிந்து நின்றது, இறங்கவில்லை. கடைசிப் பெட்டியிலிருந்து யாரோ, "என்னப்பா, கரடி தூங்கிருச்சா?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, உற்சாகத்தில் சிரித்ததுதான். அப்புறம் நான் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"அம்மா, வயித்தை உள்ள இழு. கரடிகிட்ட நான் நிமிர்ந்து நின்னேன்ல, அந்த மாதிரி."

"இழுத்துட்டேன், கண்ணு."

டார்லா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்: "அந்த ஒரு இன்ச் எங்க, ஸ்டான்?"

"இல்ல, டார்லா."

"எப்பவுமே இல்லையா?"

"எப்பவுமே இல்ல."

தலையை ஆட்டினாள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் ஆட்டுவதுபோல. நான் கம்பியைத் தூக்கினேன். அவள் எழுந்து மேடையில் காலை வைத்தாள். மற்ற இருபத்திரண்டு பேரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோரா தன் கம்பியை இரண்டு கையாலும் தூக்கப் பார்த்தாள்.

"அப்ப நானும் எறங்குறேன். மிஸ்டர் ஸ்டான், எடுங்க."

"உட்காரு," என்றாள் டார்லா.

"நீ சத்தியம் பண்ணினே!"

"பண்ணினேன். முடியல. நீ இதுக்காகத்தானே வளர்ந்தே? உட்காரு, கோரா."

காலி இருக்கையிலும் கம்பியை இறக்கினால்தான் பச்சை விளக்கு எரியும். இறக்கினேன். தடுக்க எதுவுமில்லாமல் விழுந்தது. டக், டக், டக். நான் போய்ப் பொத்தானை அமுக்கினேன்.

வண்டி சங்கிலியில் ஏறும்போது முதல் மேடு வரை கோராவின் தலை அம்மா பக்கம் திரும்பியே இருந்தது. அப்புறம் உச்சியைத் தாண்டி மறைந்தது. இரண்டு நிமிஷம் அந்த மரங்கள் அத்தனையும் முனகின. டார்லா வெளியே வரும் படியருகில் போய் நின்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம்," என்றாள்.

வண்டி திரும்பி வந்தபோது கோராவின் முடி நாலாபக்கமும் பறந்து, கன்னம் சிவந்து, வாய் அகலத் திறந்திருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. படியில் இறங்கும்போது அம்மா நிற்பதைக் கண்டாள். அந்த நாலு படிக்குள் அவள் முகத்தை மாற்றிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித்தராமல்.

"ஒண்ணும் பெரிசா இல்லம்மா. வயிறு வலிக்குது. இனிமே ஏறமாட்டேன்."

"நீ கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சுடி," என்றாள் டார்லா. "நல்லா கத்தினே."

கோரா அழத் தொடங்கினாள். டார்லா அவளைத் தூக்கிக்கொண்டாள். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத உடம்பு, தூக்கியதும் கொஞ்சம் தள்ளாடியது. இருவரும் கார் நிறுத்துமிடத்தை நோக்கிப் போனார்கள். பிரோகி தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடின பெண்மணியிடம் டார்லா நன்றி சொன்னது கேட்டது. வாங்கிக்கொள்ளவில்லை.

கரடி நன்றாக ஓடியது. வேறு மாநிலங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஜூலையில் வரிசை நீண்டு அடைக் கடையின் மேடை வரை வந்துவிடும். டார்லா அந்த வரிசைக்கு அடை சுட்டுக் கொடுத்தாள். வாசல் இருக்கையில் பருத்தவர்கள் யாராவது உட்கார்ந்து கம்பியை இழுக்கும் சத்தம் அவள் நிற்கும் இடத்துக்குக் கேட்கும். ஒரு டக் கேட்டு நின்றுவிட்டால் அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். முட்டையும் ஆப்பிளும் நின்றுபோயின. ஆகஸ்டில் பெல்ட் பழைய ஓட்டைக்கே வந்தது.

கோரா கொஞ்ச நாள் கரடிப் பக்கமே வரவில்லை. அப்புறம் வகுப்புப் பிள்ளைகளோடு வந்தாள். நாலு தடவை, அஞ்சு தடவை ஏறினாள். இறங்கியதும் கடைக்குப் போகாமல் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கமாகச் சுற்றிப் போனாள். ஒருநாள் ஒரு பெண், "உங்க அம்மா இங்கதானே வேலை செய்றாங்க?" என்று கேட்டதற்கு, "எப்பவாவது," என்று கோரா சொன்னதை நான் கம்பி அழுத்தும்போது கேட்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபரில் பூங்காவை மூடும் வாரம், டார்லா எண்ணெய்ச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கடைக்குப் போனேன்.

"என் மேல கோபமா?"

"உங்க மேலயா?" சுரண்டுவதை நிறுத்தவில்லை. "ஏப்ரல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, நான் அவகிட்ட வீட்டுல சொல்லியிருப்பேன். சமையலறையில, நாங்க ரெண்டு பேர் மட்டும். அழுதிருப்பா. மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு வாரம் இருந்திருப்பா. அவ்வளவுதான். ஊரே பார்க்க அவ என்னைப் பார்த்திருக்க வேண்டாம்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"தெரியும். அதனாலதான் உங்களைத் திட்டக்கூட முடியல." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "அந்த ஸ்பூன்களைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவள் வரவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய்விட்டாள். அடைக் கடையை இரண்டு காலேஜ் பிள்ளைகள் நடத்துகிறார்கள். உறைந்த அடைகளை மூட்டையில் வாங்கிப் பொரிக்கிறார்கள். யாரும் அறுபது மைல் வருவதில்லை.

போன பிப்ரவரியில் மளிகைக்கடை வாசலில் அவளைப் பார்த்தேன். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பனி இந்தத் தடவை சீக்கிரம் விடாது என்றாள். நானும் விடாது என்றேன். காருக்குள் கோரா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். நான் கையைத் தூக்கினேன். அவள் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். கண்ணாடி இறங்கவில்லை.

"வர்றேன், ஸ்டான். பால் கெட்டுடும்," என்றாள் டார்லா. அந்தக் குளிரில் பால் கெட வழியே இல்லை. நான் வழிவிட்டு நின்றேன்.